சின்ன ‘ர’

— படிச்சுப் போட்டு ஏனுங்க பாய், கடுதாசியை மடிக்கறீங்க? சத்தமாப் படியுங்க.

— அவசரப்படாதே முத்தாத்தா. பம்பாயிலிருந்து நஞ்சப்பன் எழுதியிருக்கான். அவன் எழுத்து, மைக்கூட்டுல விழுந்த ஓணான் காகிதத்து மேல ஓடுன மாதிரி.

— எங்கூட்டுக்காரரும் அவரும் ஒரே மில்லுதானுங்க. என்ன எழுதியிருக்காரு?

— எழுத்துன்னா சாமானியமில்லை அம்மிணி. ஊத்துக்குளியில ஒருத்தன், கல்யாணத்துக்குக் கறி அனுப்பச் சொல்லிக் காங்கேயத்துக்கு எழுதினான். பெரிய ‘ற’வுக்குப் பதிலா சின்ன ‘ர’ போட்டுட்டான். எட்டு வண்டி கரி வந்து எறங்கிருச்சு.

— அய்யோ.

— வந்ததைத் திருப்பி அனுப்பினா மரியாதையில்லையே. குழம்பு வெச்சுட்டாங்க. நான் ரெண்டு தரம் வாங்கித் தின்னேன். இன்னிக்கும் இருமினா எனக்குப் புகைதான் வரும்.

— சிரிப்பாத்தான் இருக்குதுங்க. கடுதாசியைப் படியுங்க. சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள நான் கம்பெனிக்குள்ள போகோணும். பனியன் பிசிறு வெட்டறதுக்குக் குமிஞ்சு கெடக்குது.

— சரி. ‘உன் வீட்டுக்காரர் சாமியப்பன் போன வெள்ளிக்கிழமை இரந்தார்.’

— அப்படீன்னா?

— சின்ன ‘ர’ போட்டிருக்கான். கையேந்துனாருன்னு அர்த்தம். சம்பளம் பத்தலையாட்டம் இருக்குது. கோயில் வாசல்ல உக்காந்திருப்பாரு. பம்பாயில அது கௌரவமான உத்தியோகம். பிச்சை போடறவங்க வரிசையில நின்னு போட்டுட்டுப் போவாங்க.

— வெக்கப்படுவாருங்க அவரு. பசிச்சாக்கூட எங்கிட்டவே சோறு கேக்க மாட்டாரு.

— பழகிக்குவாரு.

— பாய், எனக்குப் படிக்கத் தெரியுமுங்க.

— என்ன சொல்றே?

— அஞ்சாவது வரைக்கும் போயிருக்கறேன். செவ்வாக்கிழமையே படிச்சுட்டேன். அன்னைக்கு நாப்பது டஜன் முடிச்சேன், நேத்து அம்பது. கை அது பாட்டுக்கு வெட்டுதுங்க.

— அப்ப என்ன எழுதியிருக்கான்னு தெரிஞ்சுமா இந்தக் கெழவன் பேசுன பேச்சையெல்லாம் கேட்டுட்டு நின்னே? எதுக்கு அம்மிணி எங்கிட்டக் கொண்டாந்தே?

— எங்கூர்ல எழவுன்னா ஆராச்சும் நேர்ல வந்து வாயால சொல்லுவாங்க. சொன்னதுக்கப்புறந்தான் பொம்பளைங்க அழுவாங்க. இது தபால்ல வந்துருச்சு. தபால்காரரு கையில குடுத்துப்போட்டு சைக்கிள் ஏறிட்டாரு. நாலு நாளாச்சு, இன்னும் ஒரு சொட்டு வரலீங்க. நீங்க சொல்லுங்க பாய், நான் கீழ உக்காந்துக்கறேன்.