மேல்தண்ணி கனத்த நாள்

யுஸ்னிதா: ...மேலே இருபத்தாறு டிகிரி. பத்து மீட்டர் கீழேயும் இருபத்தாறு. நீங்களே தெர்மாமீட்டரைப் பாருங்க.

ரிஸ்மன்: அதைக் கட்டி இறக்கின கயிறு நனைஞ்சிருக்கும்.

யுஸ்னிதா: ஏரிக்குள்ள விட்ட கயிறு நனையாம வருமா?

ரிஸ்மன்: சரி, சரி... நாலு நாளா மழை, காத்து. தண்ணி குளிராம என்ன செய்யும்?

யுஸ்னிதா: அதத்தான் சொல்றேன். வெயில்னா மேல்தண்ணி லேசாகி, அடித்தண்ணி மேல மிதக்கும். குளிர்ந்தா கனத்துக் கீழ இறங்கும். அப்ப அடியில கிடக்கிற நாத்தத் தண்ணி எங்க போகும்?

ரிஸ்மன்: ...மேல வரும்.

யுஸ்னிதா: நம்ம மீன் கூண்டுக்குள்ள வரும். ஒரு மீனும் மூச்சு விடாது.

ரிஸ்மன்: இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?

யுஸ்னிதா: குளிக்கிற வாளியில. வெந்நீரை ஊத்திக் கலக்காம விட்டா மேல சுடும், அடியில சில்லுன்னு இருக்கும். உங்களுக்குக் கலக்கிக் கொடுத்தே பழக்கம்... எப்படித் தெரியும்?

ரிஸ்மன்: இன்னும் மூணு வாரம் விட்டா ஒவ்வொரு ஜிலேபி மீனும் அரைக் கிலோ நிக்கும். இப்ப அள்ளினா பாதி விலைதான்.

யுஸ்னிதா: செத்து மிதந்தா? போன தடவை நம்ம மனின்ஜாவ் ஏரியே வெள்ளையா... குழி வெட்டிப் புதைச்சோமே.

ரிஸ்மன்: ...லாரிக்குச் சொல்லணும்.

யுஸ்னிதா: சொல்லியாச்சு. கிளம்பிட்டான்.

ரிஸ்மன்: என்னைக் கேக்காமலா?

யுஸ்னிதா: கேட்டா கயிறு நனைஞ்சிருக்கும்பீங்க. உங்க அண்ணனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பக்கத்துக் கூண்டு.

ரிஸ்மன்: மர்சாலுக்கா? கூண்டு எல்லைக்குச் சண்டை போட்டு, ரெண்டு வருஷமா என் முகத்தைப் பாக்காதவன். பெருநாளைக்குக்கூட வரல.

யுஸ்னிதா: அவரு பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அந்த மீனை நம்பித்தான்...

ரிஸ்மன்: நான் போகமாட்டேன்.

யுஸ்னிதா: போகவேணாம். நேத்து சாயங்காலமே உங்க அண்ணிகிட்ட நான் சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க.

ரிஸ்மன்: தெரியும்.

யுஸ்னிதா: யார் சொன்னா?

ரிஸ்மன்: அண்ணிதான். விடிஞ்சதும் அந்தக் காத்தைப் பார்த்தேன், மனசு கேக்கல. சொல்லலாம்னு போனா, நீ சொன்னேன்னு ஏற்கெனவே வலை இழுத்துட்டிருந்தாங்க. நானும் ஒரு ஓரம் பிடிச்சேன்.

யுஸ்னிதா: அவங்க மீனுக்கு ஓடினீங்க. நம்ம மீனுக்கு மட்டும் என்கிட்ட இவ்வளவு வழக்கா?

ரிஸ்மன்: நம்ம மீனைப் பாதி விலைக்குக் கொடுக்கத்தான் மனசு வரல.

யுஸ்னிதா: ...உங்க அண்ணன் பேசினாரா?

ரிஸ்மன்: "இறுக்கிப் பிடிடா"ன்னாரு. கடைசிக் கூண்டு வரைக்கும் பிடிச்சுட்டுத்தான் வந்தேன்.