கடைசிப் பெயர் ஓடும்வரை

மத்தியானக் காட்சிக்கு வந்து கடைசி வரிசையில் சீட்டு கேட்பவர்களில் பாதிப் பேர் தூங்க வருகிறவர்கள். நான் தூங்கியதில்லை மச்சான். எவ்வளவு கேவலமான படமானாலும் கண்ணை விழித்துக்கொண்டுதான் பார்த்தேன். வீட்டில் ஒருத்தி கதை கேட்கக் காத்திருந்தாள்.

போன வாரம் உங்கள் தங்கையின் தையல் மிஷினை எடுத்துப்போக வந்தீர்கள். இழுப்பறையைக் காலி செய்தபோது பாபின்களுக்கும் பொத்தான் டப்பாவுக்கும் அடியில் அந்த நோட்டு கிடைத்தது. அட்டையில் அவள் கையெழுத்தில் 'குப்பை' என்று எழுதியிருந்தது. நாங்கள் பார்த்த மோசமான படங்களுக்கான நோட்டு அது. ஆளுக்கு ஒரு வரி தீர்ப்பு. புரட்டிச் சிரித்துக்கொண்டே வந்தவர், கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டீர்கள்.

"என்ன மாப்ள, இதுல அன்னைக்குத் தேதி போட்டிருக்கு?"

"தப்பா எழுதியிருப்பேன் மச்சான்."

இருபத்தெட்டு வருஷம் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளனாக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதியே சாப்பிட்டவன். டிரைவர்கள் எனக்கு வைத்த பெயரே 'நிமிஷம் சார்'. அப்படிப்பட்டவன் தன் பெண்டாட்டி செத்த தேதியையா தப்பாக எழுதுவான் என்று நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நோட்டையும் மிஷினையும் எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டீர்கள். அதனால் நானாகவே எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் ஒரு படத்துக்குப் போனோம். நாயகன் ஆறு பேரை அடித்துவிட்டுக் குடையை மடக்குகிறான். அதுவரை படத்தில் மழையே பெய்யவில்லை. இடைவேளையோடு அரங்கமே காலியானது. நான் எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நல்ல படத்த ஊரே பாக்கும். இதுக்கு நம்மள விட்டா யாருங்க இருக்கா?" என்றாள். படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் அவள் எழவில்லை. திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சமையல்காரர், ஒப்பனை உதவியாளர், கார் ஓட்டுநர். ஒன்று விடாமல் படித்தாள்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மாமா படப்பிடிப்புக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டினார். ஒரு படத்தில் அவர் பெயரும் வரும் என்று சொல்லி வைத்தார்கள். குடும்பமே குளித்துத் தலைவாரிக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பெயர் வருவதற்குள் விளக்கைப் போட்டு, கருவியை நிறுத்தி, எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டார்கள். உங்களுக்குப் பதினொன்று, அவளுக்கு ஏழு வயது. வீடு திரும்பும்வரை மாமா ஒரு வார்த்தை பேசவில்லை என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். அன்றிலிருந்து அவளுக்கு அது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. உட்கார்ந்தால் கடைசிப் பெயர்வரை எழக்கூடாது.

இருபது வருஷத்துக்கு மேல் அந்த விதியோடு வாழ்ந்தேன். கப்பல் மூழ்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றும் ஒருவருக்கும் தலைமுடி நனையாத படம். நாயகனின் குதிரை நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன படம். இரட்டைப் பிறவிகளில் ஒருவனுக்கு மட்டும் கன்னத்தில் மச்சம். அது காட்சிக்குக் காட்சி இடம் மாறிக்கொண்டே இருந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் டார்ச் அடிப்பவர் வந்து எச்சரித்திருக்கிறார்.

பிறகு அவளுக்கு நுரையீரல் சுருங்கத் தொடங்கியது. படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் வந்தது. அதன் சத்தம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வந்தால் ஒரு மணி நேரம் இருப்பீர்கள். ஒரு மணி நேரத்துக்கு அது வெறும் சத்தம். மூன்று வருஷத்துக்கு அது வேறு. மின்சாரம் போனால் இயந்திரம் நின்றுவிடும். மூக்குக் குழாயை சிலிண்டருக்கு மாற்றி, சமையலறை ஆணியில் தொங்கும் ஒரு சின்னச் சாவியால் வால்வைத் திருப்ப வேண்டும். அவள் கையில் அதற்கு வலு இல்லை. எனக்கு நாற்பது நொடி வேலை. பழக்கதோஷம், கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

முதல் வருஷம் நான் எங்கும் போகவில்லை. அவள்தான் அனுப்பினாள்.

"இருக்கறதுலயே மட்டமா எது ஓடுதோ அதப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நல்ல படத்துக்குப் போயிடாதீங்க, எனக்குப் பொறாமையா இருக்கும்."

கீழ்வீட்டம்மா வந்து அவளோடு உட்காருவார். குழாய் மாற்ற அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கும் அரங்கத்துக்குப் போவேன். உங்களுக்கும் மற்ற சொந்தங்களுக்கும் மருந்துக்கடை வரிசையில் நிற்பதாகச் சொன்னேன். பெண்டாட்டி கிடையில் கிடக்கும்போது படம் பார்க்கிறான் என்ற பேச்சு வேண்டாம் என்றுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த நாட்களில் ஒரு படத்தையும் நான் முழுதாகப் பார்க்கவில்லை. இடைவேளையில் எழுந்து, ஏறக்குறைய ஓடித்தான் வீட்டுக்கு வருவேன். மீதிப் பாதியை வழியிலேயே யோசித்துவைப்பேன். நாயகியை மலையிலிருந்து தள்ளுவேன், வில்லனுக்குக் கண்ணைக் கெடுப்பேன். அவள் சிரிப்பாள், இருமுவாள், குழாயைச் சரிசெய்துகொண்டு மறுபடி சிரிப்பாள். தீர்ப்பை அவளே நோட்டில் எழுதுவாள்.

ஒரு நாள் அதில் ஒரு படம் டி.வி.யில் வந்துவிட்டது.

"என்னங்க, இதுல அண்ணன்காரன் சாகலையே."

நான் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"ரயில் ஏறிச் செத்தான்னீங்க. இவன் என்னடான்னா தம்பி கல்யாணத்துல ஆடிட்டிருக்கான்."

"வேற படமா இருக்கும்."

"இருக்கும் இருக்கும். எனக்கேவா நிமிஷம் சார்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "எல்லாத்துக்கும் பாதியில எழுந்து வந்துட்டீங்களா?"

"உன்னத் தனியா விட்டுட்டு எப்படி உக்காருவேன்?"

"தனியாவா? கீழ்வீட்டக்கா இருக்காங்களே." டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். "எங்கப்பா பேரு வர்றதுக்குள்ள லைட்டப் போட்டான் பாருங்க ஒருத்தன், அவனும் நீங்களும் ஒண்ணுதான்."

நான் கோபப்படவில்லை. நான் கோபப்படுகிறவன் இல்லை என்று உங்களுக்கே தெரியும். மாத்திரைகளை மறுபடி முதலிலிருந்து பிரித்து வைத்தேன்.

அந்த மாதம்தான் மருத்துவரும் சொன்னார். "ரொம்ப நல்லா பாத்துக்கறீங்க. இப்படியே இன்னும் எத்தனையோ வருஷம் ஓட்டிடலாம்." அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சாக வேண்டும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. வெளியே வந்து வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று வருஷமாக நான் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. 'இன்னும் எத்தனையோ வருஷம்' என்பதை நிமிடமாக மாற்றிப் பார்த்தேன். தொழில் புத்தி.

படிக்கட்டுச் சுவரில் மின்வாரிய அறிவிப்பு ஒட்டியிருந்ததைச் செவ்வாய்க்கிழமை படித்தேன். வியாழன், பராமரிப்பு, இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை. அவள் படி இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் அவளிடம் சொல்லவில்லை. புதன்கிழமை அரங்கத்துப் பக்கம் போய், டிக்கெட் கிழிப்பவரிடம் புதுப்படம் எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"மூணு மணி பத்து நிமிஷம் சார். செம இழுவை."

ஒன்றரை மணிக் காட்சி. இடைவேளை பதினைந்து நிமிடம். நாலு ஐம்பத்தைந்துக்கு முடியும். வீட்டுக்கு நடை ஏழு நிமிடம்.

வியாழன் மத்தியானம் அவளுக்குத் தலைவாரிவிட்டேன். "இன்னைக்காவது கடைசி வரைக்கும் இருங்க. கடைசியா வர்ற பேர வந்து எங்கிட்ட சொல்லணும். சொல்லலைன்னா சோறு கிடையாது" என்றாள். சமைக்கிறவன் நான், அதுதான் அதிலிருந்த வேடிக்கை. சரி என்றேன். இறங்கும்போது கீழ்வீட்டம்மா வாசலில் நின்றார்.

"நான் மேல போய் உக்காரட்டுமாண்ணா?"

"இன்னைக்கு வேணாம்மா. நான் தெருமுனை வரைக்கும் போயிட்டு உடனே வந்துடுவேன். நீ பொண்ணு வீட்டுக்குப் போகணும்னியே, போயிட்டு வா."

இரண்டு மணி நாலு நிமிடத்துக்குத் திரை இருண்டது. எல்லோரும் விசில் அடித்தார்கள். ஜெனரேட்டர் உறுமி, படம் மறுபடி ஓடியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பணிமனை வண்டிகளைவிட மின்வாரியம் மேல், நாலே நிமிடம்தான் தாமதம்.

இரண்டு ஆறுக்கு முதல் அழைப்பு. அரங்கத்துக்குள் சத்தம் வரக்கூடாது என்று போனை முன்பே அடக்கி வைத்திருந்தேன். மடியில் அது வெளிச்சம் மட்டும் காட்டியது. பக்கத்தில் இருந்தவர் குனிந்தார்.

"சார், போன் கண்ணுல அடிக்குது."

"மன்னிச்சிருங்க" என்று கவிழ்த்து வைத்தேன். மொத்தம் ஐந்து அழைப்புகள். கடைசி அழைப்பு இரண்டு முப்பத்தொன்றுக்கு. அதற்குப் பிறகு யாருக்கும் தொந்தரவு இல்லாமல் படம் பார்க்க முடிந்தது.

இடையில் உங்களுக்கும் ஒருமுறை அடித்திருக்கிறாள். அப்போது நீங்கள் லிஃப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கியிருந்தீர்கள். அந்த ஓர் அழைப்புக்காக எட்டு மாதமாக உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் "நான் எடுத்திருந்தா" என்று தொடங்கி முடிக்காமல் விடுவீர்கள். நான் உங்கள் முதுகைத் தட்டிக்கொடுப்பேன். எடுத்திருந்தாலும் நீங்கள் நகரத்தின் அந்த மூலையிலிருந்து வந்து சேர ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஆகவே உங்கள் மேல் தப்பில்லை. இதை முன்பே சொல்லியிருக்கலாம்தான்.

சிலிண்டரைத் திறந்துவைத்துவிட்டுத்தான் மருந்துக்கடைக்குப் போனேன் என்று உங்களிடம் சொன்னேன். சாவி எங்கே இருந்தது என்று அன்று கேட்டீர்கள், ஆணியில் என்றேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. இடைவேளையில் கைக்குட்டையை எடுத்தபோது கீழே விழுந்து, பக்கத்தில் இருந்தவர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். "வீட்டுச் சாவியா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள். துடைப்பத்தோடு வந்த பெண், "எந்திரிங்க சார், முடிஞ்சிருச்சு" என்றாள்.

"பேர் ஓடுதும்மா."

"அதை யாரு சார் படிக்கிறா?" என்று சிரித்துவிட்டு என் காலடியில் பெருக்கினாள். கால்களைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசிக்கு முந்தியது ஜெனரேட்டர் வண்டி ஓட்டுநரின் பெயர். அதை வாய்விட்டுப் படித்தேன். மாமாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மின்சாரம் வந்திருந்தது. இயந்திரம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சமையலறைக்குப் போகும் வழியில், கதவுக்கு மூன்றடி தள்ளித் தரையில் கிடந்தாள். ஆணி வரைக்கும் போகப் பார்த்திருக்கிறாள். தூக்கிப் படுக்கவைத்தேன். கனமே இல்லை. குழாயை சிலிண்டருக்கு மாற்றி வால்வைத் திறந்தேன். நாற்பது நொடி. அவள் எனக்கு அடித்த அழைப்புகளை இரண்டு போனிலும் அழித்தேன். பிறகுதான் இறங்கிப் போய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

இவ்வளவும் நான் செய்தவைதான். மறைக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் நீங்கள் பார்க்க வேண்டும். எழுந்து வராதீர்கள் என்று சொன்னது அவள். இருபது வருஷமாக அவள் போட்ட விதி. எழுந்து வந்ததற்குத்தான் அவளிடம் பேச்சு வாங்கினேன். ஒரே ஒரு நாள் அவள் சொன்னபடி உட்கார்ந்தேன்.

என்னை உறுத்துவது நோட்டு மட்டும்தான். அன்று சாயங்காலம் நீங்கள் வந்து சேருவதற்குள், தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து நான் எழுதியது: 'படு குப்பை. கடைசிப் பெயர்வரை உட்கார்ந்தேன்.' இரண்டாவது வாக்கியம் உண்மை. முதலாவது இல்லை. அந்தப் படம் நன்றாக இருந்தது மச்சான். இரண்டாம் பாதியில் இரண்டு இடங்களில் கண் கலங்கினேன். நல்ல படத்துக்குப் போகாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நோட்டு இப்போது உங்களிடம் இருக்கிறது. அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். நான் அவளுக்குச் செய்த துரோகம் அது ஒன்றுதான்.