பொய் மாத்திரையே போதும்

...கேட்டா, "நான் பொய் சொல்ல மாட்டேன்"ங்கறாரு சார் அந்த டாக்டர்! சொல்லுங்கன்னுதானே நான் கெஞ்சறேன்? வேணும்னா எழுதியே தரேன், "இவர் என்கிட்ட தாராளமா பொய் சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல"ன்னு. கையெழுத்து, தேதி எல்லாம் போட்டு! ம்ஹூம். மசியவே மாட்டேங்கறாரு. மூணாவது தடவையா வந்து உக்காந்திருக்கேன். கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க, அந்தக் கால் ஆடும்... பெஞ்சுக் காலைச் சொன்னேன்.

நீங்களும் முட்டிவலி ஆராய்ச்சிக்குத்தானே? எத்தனை மாசம் ஆச்சு?... ரெண்டா! கேக்குதா மாத்திரை?... ம். நல்லாத்தான் கேக்கும். எனக்கும் கேட்டுதே!

உங்களுக்குத் தெரியாததா... பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு உருண்டை. யாருக்கு எதுன்னு நமக்கும் தெரியாது, குடுக்கற டாக்டருக்கும் தெரியாது. சரின்னு தலையாட்டித்தான் சேர்ந்தேன். தனியா சேர்ந்திருந்தா ஒரு வம்பும் இல்ல. சம்பந்தியும் கூட வந்து சேர்ந்தாரு பாருங்க, அங்க பிடிச்சுது சனி!

என் மகளோட மாமனார் சார். அவங்க எல்லாரும் ஒரே வீடு. மூணாவது மாடி, அறுபது படி, லிஃப்ட் கிடையாது. நான் என்ன வேலை பார்த்தேன் தெரியுமா? லிஃப்ட் மெக்கானிக்! முப்பத்தஞ்சு வருஷம் ஊரையே மேல ஏத்தி எறக்குனவன். என் பொண்ணைக் கொண்டு போய் எங்க குடுத்திருக்கேன் பாருங்க. மாப்பிள்ளை நல்ல பையனான்னு விசாரிச்சேன், குடும்பத்தை விசாரிச்சேன், மாடியை விசாரிக்கல.

எங்க விட்டேன்?... ஆங், சம்பந்தி. ஆளுக்கு ஒரு பாட்டில் குடுத்தாங்க, மூணு மாசத்துக்கு. முதல் மாசம் எனக்கு ஒண்ணும் தெரியல. முட்டி அதே முட்டி, அதே முனகல். இந்த மனுஷன் என்னடான்னா ஃபோன் மேல ஃபோன்! "சம்பந்தி, பறக்கறேன் சம்பந்தி! படியெல்லாம் ரெண்டு ரெண்டாத் தாண்டறேன்!" வயிறு எரியுமா எரியாதா, சொல்லுங்க? அப்ப நிஜ மாத்திரை அவருக்கு, மாவு உருண்டை எனக்கு. ஒரு குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்.

ஒருநாள் தவழ்ந்து தவழ்ந்து மேல போனேன். அவரு குளிக்கப் போயிருந்தாரு. அவரு பாட்டில் ஃப்ரிட்ஜ் மேல இருக்கு, என்னுது என் பையில. ரெண்டுலயும் அதே வெள்ளை, அதே சைஸ்... கை அரிச்சுது சார். என்னுதை அதுல கொட்டி, அதை என்னுதுல கொட்டி... அரை நிமிஷ வேலை. அப்படிப் பார்க்காதீங்க! ஒரு மாசம் அவரு சாப்பிட்டாச்சு, மீதியை நான் சாப்பிட்டா என்ன? பொண்ணையே குடுத்தவன் நான், மாத்திரை எடுத்துக்கக் கூடாதா?

ரெண்டே நாள் சார்! ரெண்டே நாள்ல வலி போன இடம் தெரியல. வாரத்துக்கு மூணு தடவை மேல போவேன். ஆறு மாசப் பேத்தி இருக்கா. படியில எனக்கு மூச்சு வாங்கற சத்தம் கேட்டாலே உள்ளேருந்து கெக்கெக்கேன்னு சிரிப்பா. கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே! அந்தச் சிரிப்புக்கு இன்னும் அறுபது படி கட்டினாலும் ஏறுவேன்.

மூணாம் மாசம் ரத்தம் எடுத்தாங்க. எங்க ரெண்டு பேர் ரத்தமும் அவங்க கணக்கோட ஒத்துவரல. கூப்பிட்டு விசாரிச்சாங்க. ஒளிச்சு என்ன பண்ண? கக்கிட்டேன். ஆராய்ச்சிலேருந்து ரெண்டு பேரையும் நீக்கிட்டாங்க. அது நியாயம், ஒத்துக்கறேன்.

டாக்டர் அப்பவும் தங்கமாத்தான் பேசினாரு. "உங்களுக்கு இப்ப வலி இல்லையே? எது என்னன்னு எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்றேன். சந்தோஷமாப் போங்க"ன்னாரு. நான் போனேனா? சேரும்போது கையெழுத்து வாங்கினாங்களே, அந்தப் படிவத்துல நாலாம் பக்கத்தைத் தொறந்து வெச்சுக்கிட்டேன். "என் உடம்புக்குள்ள என்ன போச்சுன்னு தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இருக்கு, இங்க போட்டிருக்கு பாருங்க"ன்னு மேஜையைத் தட்டி மல்லுக்கு நின்னேன். ஒரு மணி நேரம்! மனுஷன் பெருமூச்சு விட்டுட்டு, ஆராய்ச்சி ஆஃபீஸ்ல கேட்டு வாங்கிச் சொன்னாரு... முதல்ல எனக்குக் குடுத்ததுதான் நிஜ மாத்திரையாம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா கேட்டிருக்குமாம். நான் திருடிச் சாப்பிட்டதுதான் மாவு.

அவரு சொல்லி முடிக்கல சார், அந்த நாற்காலியிலேயே முட்டியில சுரீர்னுது!

சம்பந்திக்கும் உரிமை இருக்காம், அவருகிட்டயும் சொல்லிட்டாங்க. இப்ப என்னைப் பார்த்துப் பேசறதில்ல. செவுத்தைப் பார்த்து, "உங்கப்பா வந்திருக்கார்"னு மகளைக் கூப்பிடறாரு. அதுகூடப் பரவால்ல, நான் பண்ணினதுக்கு வேணும். ஆனா போன வாரம் முதல் மாடியிலேயே உக்காந்துட்டேன். மேல பேத்தி சத்தம் கேக்குது. என்னால எந்திரிக்க முடியல. மகள் "நான் கீழ தூக்கிட்டு வரேம்ப்பா"ங்கறா. கைக்குழந்தையோட அத்தனை படி அவ எறங்கி ஏறணுமா? வேணாம்னுட்டேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அழுதுட்டேன் சார்.

அதான் வந்து கேக்கறேன். நிஜ மாத்திரை வேணாம்யா, அது இன்னும் கடைக்கே வரல. அந்த மாவையாவது குடுங்க! "மருந்து இல்லன்னு தெரிஞ்சே மருந்துன்னு சொல்லிக் குடுக்கறது தப்பு"ங்கறாரு. "அப்படியே குடுத்தாலும், உங்களுக்குத்தான் விஷயம் தெரிஞ்சு போச்சே"ங்கறாரு. தெரிஞ்சு போச்சுதான்! யாரு காரியத்தைக் கெடுத்தது? நானேதான். மேஜையைத் தட்டித் தட்டித் தெரிஞ்சுக்கிட்டேன். பேசாம எழுந்து வந்திருந்தா இந்நேரம் மூணாவது மாடியில இருந்திருப்பேன்...

ஏன் சார் எந்திரிக்கறீங்க? உங்களை இன்னும் கூப்பிடலயே? என்ன, முட்டியைப் பிடிக்கறீங்க?... வரும்போது விறைப்பா நடந்து வந்தீங்களே! அய்யய்யோ, உங்களுது மாவுன்னு நான் சொல்லவே இல்லையே! நிஜ மாத்திரையாவும் இருக்கலாம், யாரு கண்டா... சார், மெதுவா, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க!

சார்! ஒரு நிமிஷம்! அந்தப் பையில பாட்டில் வெச்சிருக்கீங்கல்ல? இனிமே அது உங்களுக்குக் கேக்காது. எனக்குத்தான் அது நிஜ மாத்திரையா, மாவான்னு தெரியாதே... குடுத்துட்டுப் போங்களேன் சார்!