அந்தோணியம்மாள் சிரித்த சிரிப்பு

பிலோமி: அந்தா... அது இல்லையாக்கா? நீலக் கொடி கட்டி வருதே?

அந்தோணியம்மாள்: அது சரக்குத் தோணி, ஏளா. ஹார்பருக்குப் போகுது. இன்னைக்கு உனக்குக் கடல்ல மிதக்கதெல்லாம் உன் வீட்டுக்காரன் கஸ்பாரோட போட்டாத்தான் தெரியும்.

பிலோமி: எத்தனை மணிக்குக் கரை பிடிப்போம்னு சொன்னாவ?

அந்தோணியம்மாள்: பதினோரு மணிக்கு. இது ஆறாவது தடவ.

பிலோமி: ஏழாவது தடவையும் கேப்பேன்.

அந்தோணியம்மாள்: கேளு. இன்னைக்கு என்ன வேணா கேளு.

பிலோமி: காலையில போன்ல அவிய குரலக் கேட்டேன்லா. என்ன சொன்னாவ தெரியுமா? "பிலோமி, பசிக்குது." மூணு நாளா கடல்ல கிடந்த மனுசன் பொண்டாட்டிகிட்ட முதல்ல சொல்லுத வார்த்தையா இது?

அந்தோணியம்மாள்: பின்ன, செபமாலையா சொல்லுவான்? இஞ்சின் நின்னுபோன போட்டு, மூணு ஆளு, ஒரு கேன் தண்ணி. பசிக்கத்தான் செய்யும். என்ன ஆக்கி வச்சிருக்க?

பிலோமி: சோறு பொங்கிட்டேன். குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னு தெரியல... குசினிக்கும் வாசலுக்கும் ஓடி ஓடி, ரெண்டு தடவ போட்டுட்டேன்னு நினைக்கேன்.

அந்தோணியம்மாள்: உப்புத் தண்ணியில கிடந்து வாரவனுக்கு உப்புக் குழம்பு. நல்ல விருந்துதான்.

பிலோமி: சிரிக்க வைக்காதியக்கா. சிரிச்சா அழுகை வருது.

அந்தோணியம்மாள்: ரெண்டும் வரட்டும். மூணு நாளா நீ ரெண்டும் செய்யல.

பிலோமி: கரையில எல்லாரும் உங்களத்தான் பேசுதாவ.

அந்தோணியம்மாள்: பேசாம என்ன செய்வாவ? வேலை இல்லாதவிய...

பிலோமி: இல்லக்கா, நான் சொல்லுதேன். செவ்வாக்கிழம சங்க ஆபீஸ்ல அத்தனை ஆம்பளையும் இருந்தாவ. காயல்பட்டினத்துப் பக்கம் வலை விட்டவன் அங்கனதான் கிடப்பான், தெக்க தேடுவோம்னு முடிவு பண்ணிட்டாவ. நீங்க வாசல்ல நின்னு, காத்து எங்கேருந்து அடிக்குதுன்னு கேட்டிய. ஒருத்தரும் பதில் சொல்லல. திரும்பவும் கேட்டிய.

அந்தோணியம்மாள்: கேக்காம? தென்காத்து ரெண்டு நாளா விடாம அடிக்குது. இஞ்சின் இல்லாத போட்டு நாம நினைச்ச இடத்துலயா நிக்கும்? வடக்கதான் போகும்.

பிலோமி: தெக்க நாலு போட்டு போகட்டும், வடக்கயும் தேடணும்னு நீங்க சொன்னத ஒருத்தரும் காதுல வாங்கல. மறுநாள் முதல் பஸ்ஸுக்கு வேம்பாருக்குப் போயிட்டிய. அங்கன ஒரு முகம் தெரியாது உங்களுக்கு. ஒவ்வொரு வள்ளமாப் போயி, எங்க ஊர்ப் போட்டு, பச்ச நிறம், மூணு பேருன்னு சொல்லிச் சொல்லி... பொழுதடைய வரைக்கும் அந்த மணல்ல நின்னியளாம். இன்னைக்கு விடியக்காலம் அவிய போட்டப் பாத்தது நீங்க சொல்லிவச்ச வேம்பார் ஆளுதான?

அந்தோணியம்மாள்: இதெல்லாம் எதுக்கு எனக்கே சொல்லுத?

பிலோமி: சொல்லணும்போல இருக்கு. அப்புறம்... ஒண்ணு கேக்கணும்.

அந்தோணியம்மாள்: பதினோரு மணிக்குத்தான்.

பிலோமி: அது இல்லக்கா. என்மேல உங்களுக்கு ஏன் இவ்வளவு பிரியம்? எப்பப் பாத்தாலும் சிரிக்கிய. சின்னவனுக்குக் காய்ச்சல்னா முதல்ல வாரது நீங்க. கிறிஸ்மஸ் பலகாரம் முதல்ல என் வீட்டுக்குத்தான் வருது. கூடப் பொறந்தவ எனக்கு இப்படிச் செய்யல.

அந்தோணியம்மாள்: இந்தக் கேள்விய நீ கேக்காம இருந்திருக்கலாம்.

பிலோமி: ஏன்?

அந்தோணியம்மாள்: இன்னைக்குப் பொய் சொல்ல மனசு வரல... குழந்தை தெரசம்மாளத் தெரியும்லா?

பிலோமி: கோயில்ல ரோசாப்பூ வச்சிக்கிட்டு நிப்பாவளே.

அந்தோணியம்மாள்: அவதான். பிரான்சு தேசத்துல பதினைஞ்சு வயசுல மடத்துக்குப் போனவ. இருபத்துநாலுல செத்துப் போனா. அந்த மடத்துல ஒரு கன்னியாஸ்திரி இருந்திருக்கா. அவளக் கண்டாலே தெரசம்மாளுக்கு ஆகாது. பேச்சு, நடை, எதுவுமே பிடிக்காது.

பிலோமி: புனிதைக்கா?

அந்தோணியம்மாள்: புனிதைக்குத்தான். ஆனா அவ எதிர்ல வரும்போதெல்லாம் ரொம்ப வேண்டியவளப் பாத்த மாதிரி சிரிப்பாளாம். அவளுக்காகச் செபிப்பா, ஒத்தாச செய்வா. கோவம் மீறுச்சுன்னா, வாய் திறக்காம அந்த இடத்த விட்டு ஓடியே போயிருவா. கடைசியில அந்தக் கன்னியாஸ்திரியே கேட்டாளாம், என்கிட்ட அப்படி என்னத்தக் கண்ட, பாக்க நேரமெல்லாம் சிரிக்கியேன்னு. விளங்குதா, ஏளா?

பிலோமி: நீங்களே சொல்லுங்க.

அந்தோணியம்மாள்: ஆறு வருசத்துக்கு முன்னால என் வீட்டுக்காரரும் கஸ்பாரும் ஒரே வள்ளத்துல சங்கு குளிக்கப் போனாவ. கஸ்பார் மேல வந்தான். அவரு வரல. கஸ்பார் மேல தப்பு இல்ல, அவன் மூணு தடவ முங்கித் தேடுனான். அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனா இதே கரையில நீ அவனக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு அழுதே, அழுதுக்கிட்டே சிரிச்சே. பக்கத்துல நான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

பிலோமி: அக்கா...

அந்தோணியம்மாள்: இரு, சொல்லி முடிச்சிருதேன். அந்தச் சிரிப்பு என்னை விடல. உன் குரல் கேட்டா சன்னல அடைப்பேன். நீ குழாயடியில நின்னா, குடத்தோட அடுத்த தெருவுக்குப் போயிருவேன்.

பிலோமி: தெரியும்.

அந்தோணியம்மாள்: என்ன தெரியும்?

பிலோமி: சன்னல் அடைக்கது கேக்கும்லாக்கா. சொல்லுங்க.

அந்தோணியம்மாள்: ரெண்டு வருசம் அப்படிப் போச்சு. அப்புறம் தெரசம்மாள் திருநாளுக்கு ஒரு இளவயசுச் சாமி வந்து இந்தக் கதையப் பிரசங்கம் வச்சாரு. பிரியம் வந்தபிறகு போவோம்னு நிக்காதிய, கால் முன்னால போகட்டும், மனசு பின்னாலயே நடந்து வரும்னாரு. மறுநாள் காலையில குழாயடியில உன்னப் பாத்துச் சிரிச்சேன். தாடை வலிச்சுப் போச்சு.

பிலோமி: சிரிச்சதுக்கா?

அந்தோணியம்மாள்: விளையாட்டு இல்ல, நெசமா வலிச்சுது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பழகிட்டு. சரியாயிட்டேன்னுதான் நானும் நினைச்சேன்... செவ்வாக்கிழம போட்டக் காணலன்னு சேதி வந்துதுல்லா? முதல்ல என் மனசுல என்ன வந்துச்சு தெரியுமா?

பிலோமி: சொல்லாதிய, வேண்டாம்.

அந்தோணியம்மாள்: இப்பத் தெரியும் இவளுக்குன்னு வந்துச்சு. ஒரு நிமிசங்கூட இருக்காது. ஆனா வந்துட்டு. நாலு வருசம் சிரிச்சும் அது உள்ள கிடந்திருக்கேன்னு நான் பயந்து போயிட்டேன், ஏளா. அந்தப் பயத்துலதான் வேம்பாருக்கு ஓடுனேன். நீ நினைக்க மாதிரி பிரியத்துல ஓடல.

பிலோமி: சரி. இன்னைக்குக் காலையில?

அந்தோணியம்மாள்: இன்னைக்கு என்ன?

பிலோமி: மூணு பேரும் உசுரோட இருக்காவன்னு வேம்பார்காரவிய உங்களுக்குத்தான முதல்ல போன் போட்டாவ. அப்ப மனசுல என்ன வந்துச்சு?

அந்தோணியம்மாள்: ஒண்ணும் வரல. எந்திரிச்சு ஓடி வந்தேன்.

பிலோமி: செருப்புப் போடாம.

அந்தோணியம்மாள்: செருப்ப யாரு தேடுனா? உன் வாசல்ல வந்து நின்னபிறகுதான் கால்ல சிப்பி கிழிச்சிருக்கதே தெரிஞ்சுது.

பிலோமி: அப்ப மனசு வந்து சேந்துட்டுக்கா. கால் கிழிஞ்சதுகூடத் தெரியாம வந்திருக்கிய.

அந்தோணியம்மாள்: சும்மா இரு... ஏளா, அங்க பாரு. வள்ளத்துக்குப் பின்னால, கயித்துல கட்டி...

பிலோமி: எங்க?

அந்தோணியம்மாள்: என் கைக்கு நேரே பாரு. பச்சப் போட்டு. ஒருத்தன் எந்திரிச்சு நிக்கான் பாரு, சட்டையச் சுத்திக் காட்டுதான்.

பிலோமி: அவியதான். அக்கா, அவியதான்... மூணு பேரும் தெரியுதாவ.

அந்தோணியம்மாள்: ஓடு. தண்ணிக்கே போ.

பிலோமி: நீங்களும் வாங்க.

அந்தோணியம்மாள்: பின்னால வாரேன். நீ போயி அவனக் கட்டிப் பிடிச்சு நல்லாச் சிரி. நான் இங்கன நின்னு பாக்கேன். நான் சொன்னத மட்டும் மனசுல வச்சுக்கிடாத, என்ன?

பிலோமி: ஒண்ணு சொல்லிட்டுப் போயிருதேன்க்கா. அந்தப் பிரசங்கத்தன்னைக்கு நான் உங்களுக்குப் பின்னாலதான் இருந்தேன். மறுநாள் குழாயடியில நீங்க சிரிச்சதும், உங்களுக்கு ஆகாதவ நாந்தான்னு விளங்கிட்டு. வீட்டுக்குப் போயி அழுதேன். அப்புறம் நினைச்சேன்... வீட்டுக்காரரக் கடல்ல விட்டுட்டு, இவ்வளவு பாடுபட்டு ஒருத்தி எனக்காகச் சிரிக்கா, ஒண்ணும் தெரியாதவ மாதிரி வாங்கிக்கிடணும்னு. இந்த நாலு வருசமும், நீங்க தண்ணிக்கு வார நேரம் பாத்துத்தான் நானும் குடத்தத் தூக்குதேன்.