காதியார் வாறதுக்குள்ள

அந்தக் கதிரைல குந்தாதீங்க தங்கச்சி, அதுக்கு ஒரு கால் சும்மா பேருக்குத்தான் நிக்கிது. இப்பதான் ஒரு மாப்புள, பொண்டாட்டிக்கி ஒரு சதமும் குடுக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணிட்டு அதுல போய்க் குந்தினாரு. குந்தினதுதான் தெரியும், புறகு சாரனப் புடிச்சிக்கிட்டு எழும்பினாரு. இங்கால வாங்க, என்ட பக்கத்துல. இந்த வாங்குப் பலகயும் பெருசு, நானும் பெருசு, ஆனா உங்களுக்கு எடமிரிக்கி.

காதியார் இன்னும் வரல்ல. ஒரு ஜனாஸாவுக்குப் போயிரிக்காராம். மௌத்தானவர அடக்கிட்டுத்தானே உசுரோட இரிக்கிறவங்கட சண்டயப் பாக்க ஏலும். எனக்கா? எனக்கு வழக்கில்ல, சாட்சி. ஒரே ஒரு வாத்த சொல்லிட்டுப் போகணுமாம். என்ட மனிசன் கூட்டிட்டு வந்தாரு. ஓட்டோவ நெழல்ல உட்டுட்டு சந்திக்கி சோடா வாங்கப் போயிரிக்காரு. வழில ஆரயும் கண்டா கத குடுக்காம வரமாட்டாரு, அதனால சோடா வரும்போது அசருக்குப் பாங்கு சொல்லும்.

நீங்க கரைத்தீவா? கதைல தெரியிது. உம்மா வாப்பா மன்னாரால வந்தவங்களா? ஓம், தொண்ணூறுல ஊர உட்டு வெரட்டுப்பட்டு வந்த ஆக்கள்ட பேச்சு இன்னும் மாறல்ல. நான் கற்பிட்டிப் பக்கம். கருவாட்டு யாவாரம். வாசம் வருதா? பொய் சொல்லாதீங்க, வரும். குளிச்சி அத்தரும் பூசிட்டுத்தான் வந்தன். அத்தரோட சேந்து இன்னும் மோசமாப் போச்சு.

அந்தா பைப்படில தண்ணிக்கி வெளயாடுற புள்ள உங்கடயா? கூப்புடுங்க, சட்ட நனயிது.

என்னெண்டு கூப்பிட்டீங்க? நஸ்லாவா?

இல்ல, ஒண்டுமில்ல. பெரக்கேறிட்டு. முதுகுல தட்டத் தேவல்ல, போயிடும். நல்ல பேர். வாப்பா வெச்ச பேரா? வாப்பாட பேரென்ன? றஸீன். ம்ம். வேலை? கடல். ம்ம், கடல்தான். எங்க திரும்பினாலும் கடல்காரன்தான்.

தாபரிப்பு வழக்கா? புள்ளட செலவு கேட்டா? ரெண்டாவது தவண. அப்ப நல்லாக் கேளுங்க தங்கச்சி, நான் லோயரில்ல, காதியார் சொல்றதுதான் தீர்ப்பு. ஆனா என்ட மொத மாப்புள உசனாருக்கு நான் போட்ட வழக்கு இழுத்த இழுவைல இந்த வாங்கு பாதி தேஞ்சிரிக்கி. கேட்டுக் கேட்டுக் காது பழகிட்டு.

தலாக் ஆகிட்டு, இனிக் குடுக்கத் தேவல்ல எண்டு சொல்றாரா? ஆரு அவருக்குப் படிச்சிக் குடுத்த? தலாக் உங்களுக்குத்தானே சொன்னாரு, புள்ளக்கிச் சொல்லல்லயே. புள்ளக்கித் தலாக் சொல்ல ஏலாது தங்கச்சி. அப்பிடி ஏலுமெண்டா நான் என்ட மகன் சியாமுக்கு எப்பவோ சொல்லியிருப்பன், அவன் பரீட்ச எழுதின அழகுக்கு.

மகளக் காட்டினாத்தான் சல்லி தருவாராமா? அது வேற கத, இது வேற கத. காட்டலயெண்டு அவர் சல்லிய நிப்பாட்ட ஏலாது. நில்லுங்க, ஒடனே தலயாட்டாதீங்க, உங்களுக்கும் ஒண்டு இரிக்கி. சல்லி தரல்லயெண்டு நீங்களும் புள்ளய ஒளிச்சி வெக்கப்படா. நான் ஒருக்கா சியாம அலுமாரிக்கிப் பின்னால ஒளிச்சி வெச்சன். உசனாரு வந்து எங்க மகன் எண்டு கேட்டாரு. இங்க இரிக்கன் வாப்பா எண்டு இவனே சொன்னான். காதியார் எனக்கு ஏசின ஏச்சு, இப்பவும் அலுமாரியக் கண்டா வெக்கம் வருது.

என்ன? மீனா? நில்லுங்க நில்லுங்க. வேலில மீன் பேக்கக் கொழுவிட்டுப் போறதயா புள்ளச் செலவு குடுத்தன் எண்டு காதியார்கிட்ட சொன்னாரு? என்ன மீன்? சூடையா! யா அல்லாஹ். இறாலும் கணவாயும் கம்பனிக்காரனுக்கு, வலைல நசிஞ்ச சூட பெத்த புள்ளக்கி. டியூசன் சேர்ட்ட போய், சேர், இந்த மாசத்துக்கு ஒரு கோப்ப சூட வெச்சிக்கங்க எண்டு சொல்ல ஏலுமா? சப்பாத்துக் கடக்காரன் வாங்குவானா? மீன் தந்தா ஆணம் ஆக்கித் தின்னுங்க, வேணாமெண்டு சொல்லாதீங்க. ஆனா காதியார் ஒரு தொகய எழுதினா, அந்தத் தொகதான். சூட அதுல கழியாது.

என்ன நாள்ல கொழுவுவாரு? வெள்ளிக்கிழமயா? ஜும்ஆவுக்குப் புறகு. ம்ம். இல்ல, சும்மா கேட்டன். எங்கட பக்கம் வெள்ளிக்கிழம கடலுக்குப் போறதில்ல. ஆம்புளைகள் வெளிக்கிட்டுப் போவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு கரைத்தீவுப் பள்ளில ஜும்ஆ தொழுதாத்தான் மனசு நெறயுமாம். நானும் எவ்வளவு தக்வா, எவ்வளவு அல்லாஹ்ட பயம் எண்டு நெனச்சன்.

வேற கலியாணமும் முடிச்சிட்டாரா? அப்ப அதயும் ஒரு சாட்டாச் சொல்லியிருப்பாரே. புதுக் குடும்பம் இரிக்கி, ஏலாது எண்டு. புதுப் பொண்டாட்டி வந்தா பழய புள்ளக்கிப் பசிக்காதா? காதியார் எல்லாத்தயும் பாப்பாரு, ஆனா புள்ளய வழிச்சித் தொடச்சி எறிய உடமாட்டாரு. ஓம், அவவயும் ஏசுங்க. ஏசுங்க தங்கச்சி, மனசுல வெச்சா நெஞ்சு வருத்தம் வரும். சூனியக்காரியா? ம்ம். சல்லியக் காட்டி மயக்கிட்டாளா? இரிக்கும், இரிக்கும். கெழவியா? அவ்வளவு வயசு இல்லயே. இல்ல, பொதுவாத்தான் சொன்னன்.

குண்டாமா? ஆரு சொன்ன? நீங்க கண்டிரிக்கீங்களா? இல்லதானே. கண்ணால காணாத பொம்புளட எடயப் பத்திக் கதைக்கப்படா தங்கச்சி, அது பாவம். மத்ததெல்லாம் ஏசுங்க.

என்ன, குசுகுசுக்கிறீங்க? நீங்க இன்னொரு கலியாணம் முடிச்சா சல்லி நிண்டுடுமா எண்டா? அப்ப ஆரோ வந்திரிக்காரு! வெக்கப்படாதீங்க, முகம் செவந்திட்டு. நீங்க முடிச்சா புள்ளட வாப்பா மாறிடுவாரா? செலவு அவர்ட தலைலதான். ஆனா புள்ள ஆருகிட்ட இரிக்கிறதெண்ட கேள்வி அப்ப கெளம்பலாம். அத முடிவெடுக்க முந்தி காதியார்கிட்ட ஒருக்கா கேட்டுக்கங்க. நல்ல மனிசனா? கடல்தொழிலா? கடலெண்டா நல்லா யோசிங்க.

எவ்வளவு காலத்துக்கா? பொம்புளப் புள்ளதானே, கலியாணம் முடியும் வரைக்கும் வாப்பாட பொறுப்பு எண்டுதான் எனக்குச் சொன்ன. ஆம்புளப் புள்ளக்கி அவன் சம்பாதிக்கத் தொடங்கும் வரைக்கும். என்ட சியாம் தொடங்கிட்டானா எண்டு எனக்கே இன்னும் சந்தேகம்.

கட்டள போட்டும் தராட்டி மஜிஸ்ட்ரேட் கோட்டுக்குப் போகும். பொலிஸ் வரும். உசனாரத் தேடி வந்த அண்டைக்கி அந்த மனிசன் கோழிக்கூட்டுக்குள்ள போய் ஒளிச்சாரு. கோழியெல்லாம் வெளில வந்து கூட்டப் பாத்துக் கத்தினது. பொலிஸ்காரருக்கு சிரிப்பு வந்து வெலங்கு போட ஏலாமப் போச்சு. தலயெல்லாம் எறகோட ஜீப்புல ஏறினாரு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. சிரிச்சா நீங்க நல்ல வடிவு.

அப்ப போன தவண என்னதான் சொன்னாரு, வருமானத்தப் பத்தி? அங்கதான் எல்லா வெளயாட்டும் இரிக்கி. கடலுக்குப் போற போட்ட வித்துட்டாராமா? இப்ப இன்னொரு ஆள்ட போட்டுல கூலிக்கிப் போறாராமா? ஆருட போட்டு எண்டு சொன்னாரா? சொல்லல்ல. அடுத்த தவணைக்கி சாட்சி கொண்டு வாறன் எண்டு சொன்னாரா.

ஓ.

நான் உங்களுக்கு ஒண்டு சொல்றன். நாங்க பிரிஞ்ச கையோட உசனாரு அவர்ட லொறிய அவர்ட தம்பி பொண்டாட்டிட பேருக்கு மாத்திட்டாரு. மாத்திட்டு இங்க வந்து, நான் லொறில மூட்ட தூக்குற கூலிக்காரன் எண்டு சொன்னாரு. சட்டயக் கழட்டி முதுகயும் காட்டினாரு. முதுகு எங்கட பாய விட சுத்தமா இரிந்திச்சு. தம்பி பொண்டாட்டி றிஸ்மினா, அந்தா அந்தக் கதிரைலதான் குந்தியிரிந்தா. அப்ப அதுக்கு நாலு காலும் இரிந்திச்சு. லொறி உங்கடதானா எண்டு காதியார் கேட்டாரு. ஓம் எண்டா. விசிறிக்கிட்டே சொன்னா. அந்த ஒரு ஓம்தான் தங்கச்சி. அந்த ஓமால என்ட சியாம் ஒரு வருசம் ஸ்கூலுக்குப் போகாம என்னோட வாடில கருவாடு கழுவினான். கையெல்லாம் உப்புல வெடிச்சி, ராவைக்கி தேங்காயெண்ண பூசி உடுவன். உசனார எப்பவோ மன்னிச்சிட்டன், அந்தாளு அப்பிடித்தான். றிஸ்மினாவத்தான் என்னால இண்டைக்கும் மன்னிக்க ஏலாது. அவக்கி அதால ஒண்டும் கெடைக்கல்ல. சும்மா ஓம் எண்டா.

சரி, அத உடுங்க. உங்கட மனிசன்ட போட்டுக்கு என்ன பேர் எழுதியிரிந்திச்சு? மகள்ட பேர். ஓம், எல்லாரும் அப்பிடித்தானே எழுதுற. நீலப் போட்டா? நான் எப்பிடிச் சொன்னனா? சொல்றன்.

எங்கட தொறைல ஒரு போட்டு நிக்கிது. பச்ச பெயிண்ட் அடிச்சி, பளீலா எண்டு என்ட பேர இந்தா பெரிய எழுத்துல எழுதியிரிக்கி. கச்சான் காத்து முடிஞ்சி போட்டக் கரைக்கி இழுத்துப் பாத்தா, பெயிண்ட் உரிஞ்சி அடில நீலம் தெரியும். நீலத்துல நஸ்லா எண்டு தெரியும். ஒடனே என்ட மனிசன் தூரியயும் பெயிண்ட் டின்னயும் எடுத்துட்டுப் போய் திரும்ப அடிப்பாரு. அடுத்த வருசம் நஸ்லா திரும்பவும் வருவா. ஆரிந்த நஸ்லா எண்டு நான் கேட்டன். இந்தப் போட்ட எனக்கு முந்தி வெச்சிரிந்த மனிசன்ட மக எண்டு சொன்னாரு. யோசிச்சிப் பாத்தா அதுவும் பொய்யில்ல. முந்தி வெச்சிரிந்ததும் அவர்தான், மகளும் அவர்ட மகதான்.

அழாதீங்க. இல்ல, எழும்பாதீங்க, குந்துங்க தங்கச்சி. நான் ஒண்டும் செய்யமாட்டன். ஏசினதுக்கு எனக்குக் கோவமில்ல. குண்டு எண்டதுக்குக் கொஞ்சம் இரிக்கி, அதப் புறகு பாப்பம்.

எனக்குத் தெரியாது. வல்லாஹி, புள்ள இரிக்கெண்டு தெரியாது. ஒரு கலியாணம் முறிஞ்சது, புள்ளகுட்டி ஒண்டும் இல்ல எண்டுதான் எனக்குச் சொன்ன. போட்ட என்ட பேருக்கு மாத்தினதும் என்னில உள்ள இரக்கத்துல எண்டு நெனச்சி, வாடி முழுக்க சொல்லித் திரிஞ்சன். பேரயும் எழுதிக் குடுத்தாரே, எனக்குப் பெரும. காலைலயும், பழய பொண்டாட்டி சல்லி புடுங்கப் பாக்கிறா, போட்டு உன்டயா எண்டு காதியார் கேட்டா ஓம் எண்டு மட்டும் சொல்லு எண்டாரு. நானும் பெருநாள் சாரியும் உடுத்தி, அத்தரும் பூசி வெளிக்கிட்டு வந்துட்டன். நீங்க பைப்படில புள்ளயக் கூப்பிட்டீங்களே, அப்பதான் எனக்கு விளங்கினது. வந்தது பெரக்கேறல் இல்ல தங்கச்சி.

ஒரு பொம்புள ஒரு வாத்த சொன்னாப் போதும், ஒரு புள்ளட வாழ்க்க எங்கயோ போயிடும். அத என்ட மகன்ட கையில பாத்தவ நான். கேட்டா சொல்லுவன். பேர் என்டது, போட்டு அவர்டது, எஞ்சினும் வலயும் அவர்டது, இறால் வித்த சல்லி அவர்ட சேப்புல எண்டு. ஊட்டுல சண்ட வரும்தான். பரவால்ல, ஊடு என்ட வாப்பா தந்த ஊடு. திரும்பிப் போக ஓட்டோ கெடைக்காது, பஸ்ஸுல போவன்.

அந்தா காதியார்ட வேனும் வருது. முகத்தத் தொடைங்க. மகளக் கூப்புடுங்க, தல வாரி இழுத்து உடுவம். அந்த மூக்கு வாப்பாட மூக்குத்தான், என்ன செய்ற, வளந்தாச் சரியாகும்.

ஆ, இந்தா எங்கட சோடாவும் வந்திட்டு. ரெண்டு போத்தல். கேட்டடில ஏன் நிண்டுட்டாரு? நம்ம ரெண்டு பேரயும் ஒரே வாங்குல கண்டதும் கால் வருதில்ல போல. இஞ்ச வாங்க! வெயில்ல நிண்டா சோடா சூடாகிடும். வாங்க வாங்க, வெக்கப்படாதீங்க, எல்லாரும் உங்கட ஆக்கள்தான். ரெண்டயும் இங்கால தாங்க. ஒண்டு தங்கச்சிக்கி, மத்தது உங்கட மகளுக்கு.

நீங்களா? நீங்க அந்தா, அந்தக் கதிரைல குந்துங்க.