வலப்பக்க இதயமும் இடக்கை மருத்துவரும்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு நீண்டுவிடாமல் காக்கத் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் பெரியவர் ரங்கையா அவர்களே! வேதநாராயணப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் நாகலாபுரத்தில் இதய மருத்துவ முகாமுக்கு இடம் தந்த ஊர்ப் பெரியோர்களே! களையெடுப்பைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, இது எப்போது முடியும் என்று பார்த்து நிற்கும் இளைஞர்களே! புத்தூரில் பிறந்து, திருப்பதியில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் யமுனாவின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

சிரிக்காதீர்கள். ஆளைத் தூங்க வைப்பதுதான் என் தொழில். மேடையிலும் அதையே செய்துவிடக் கூடாதே என்றுதான் நானும் பயப்படுகிறேன்.

உங்கள் இதயம் எங்கே இருக்கிறது? கையை வையுங்கள் பார்ப்போம். ஆகா, அத்தனை பேரும் இடப்பக்கம்! ஆனால் இந்த மண்ணில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதயம் வலப்பக்கம். இதயம் மட்டுமா? ஈரல் இடப்பக்கம், இரைப்பை வலப்பக்கம். கண்ணாடியில் தெரியும் உருவம் போல உள்ளுறுப்பெல்லாம் இடம் மாறிய உடம்பு. இது நோயா? இல்லை. சாபமா? சத்தியமாக இல்லை. பிறவி அமைப்பு, அவ்வளவுதான்.

அவள் பெயர் ஸ்ரீதேவி. அவளைக் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். "எல்லாத்தயும் சொல்லுங்க டாக்டரம்மா. எங்க நைனா பண்ணத மட்டும் வுட்டுடாதீங்க" என்றாள்.

அந்த நைனாவின், அதாவது அவள் அப்பாவின், பெயர் நாகையா. நிலமில்லாமல் நெடுநாள் கூலிக்கு உழைத்து, பிற்பாடு சொந்தமாகப் பயிர் வைத்தவர். உலகச் சந்தைக்கு நாட்டின் கதவுகள் திறந்தன. சிலர் குவைத்துக்குப் பறந்தார்கள், சிலர் சென்னைக்குப் பெயர்ந்தார்கள். சத்தியவேடு பக்கம் தொழிற்சாலைகள் முளைத்தன. ஸ்ரீதேவி கம்பெனி பஸ் ஏறினாள், செல்போன் பாகங்களைப் பூட்டும் வரிசையில் நின்றாள். நின்றவளுக்கு மூச்சு வாங்கியது. இதயத்தின் வால்வு ஒன்று சரியாக மூடாமல், முன்னே போக வேண்டிய ரத்தம் பின்னே கசிந்தது. அப்படியே விட்டிருந்தால்? இதயம் வீங்கும், தளரும், ஒருநாள் நின்றுபோகும்.

நெஞ்செலும்பைப் பிளக்காமல், விலா இடுக்கில் சிறு துளைகள் இட்டு, ரோபோவின் மெல்லிய கரங்களை உள்ளே செலுத்தி வால்வைத் தைக்கும் முறை வந்துவிட்டது. ஆனால் அந்த முறையில் மருத்துவர்கள் நுழைந்து பழகியது வலப்பக்கமாக. இவளுக்கோ இடப்பக்கமாக நுழைய வேண்டும். போன இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், பழகாத பாதையில் யாருக்கும் தயக்கம் வரும்.

துணிந்து ஏற்றவர் எங்கள் இதய அறுவை மருத்துவர் கோவர்த்தனன். இந்தப் பக்கத்துப் பிள்ளை. பல்லாண்டு அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பியவர். பிறவியிலேயே இடக்கைக்காரர். திரும்பிக் கிடக்கும் இதயத்தில், மற்றவர்கள் வலக்கையால் போடும் தையல் இடக்கைக்குத்தான் வாகாக வரும். ரோபோவை எதிர்ப்பக்கம் நிறுத்தி, மேசையைத் திருப்பிப் போட்டு, எங்கள் குழு ஒத்திகை பார்த்தது. எல்லாம் தயார்!

சம்மதக் கையெழுத்துக்காக நாகையாவிடம் பேனாவை நீட்டினார் கோவர்த்தனன். எந்தக் கையால்?

ஆமாம் தாயே, அந்தக் கையால்தான்! அமெரிக்காவில் யார் அதைக் கவனித்தார்கள்? ஊர் வழக்கம் அவருக்கு மறந்தே போயிருந்தது.

நாகையா பேனாவைத் தொடவில்லை. பையைத் தூக்கினார். "நல்ல காரியத்துக்குப் பீச்சாங்கைய நீட்டறாரு. இந்தாளுகிட்டயா எம்பொண்ண ஒப்படைக்கறது? எழுந்து வாம்மா, போலாம்."

மருத்துவர் பதறிக் கையை மாற்றினார். பயனில்லை. நாகையாவைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, தாம்பூலத் தட்டை இடக்கையால் நீட்டினால் உங்களில் எத்தனை பேர் வாங்குவீர்கள்? பார்த்தீர்களா, ஒரு கைகூட மேலே வரவில்லை.

ஸ்ரீதேவி மருத்துவமனை வாசற்படி வரைதான் நடந்தாள். மூச்சு முட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே போயிருந்த நான் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"ஆட்டோ நிக்கிது, எழுந்துரும்மா."

"எங்க போறது நைனா? ஊட்டுக்குப் போயி சாவறதுக்கா?"

"அச்சானியமா பேசாத. சகுனம் சரியில்ல."

"எனுக்கு உள்ள எல்லாமே மாறித்தான் கெடக்குது. சகுனம் சரியில்லன்னு என்னத் தூக்கிப் போட்டுட்டியா? மாறிக் கெடக்கறதத் தைக்க அந்தக் கைதான் வேணும். நீ ஊருக்குப் போறதுன்னா போய்க்கினே இரு. கையெழுத்து நான் போட்டுக்கறேன்."

எழுந்தாள். சுவரைப் பிடித்தபடி திரும்பி நடந்தாள். தன் உயிருக்குத் தானே கையெழுத்திட்டாள்.

அறுவை அரங்கில் அவள் தலைமாட்டில் நான் இருந்தேன். கோவர்த்தனன் சற்றுத் தள்ளி அமர்ந்து, ரோபோவை இயக்கும் திரைக்குள் முகம் பதித்தார். அவர் விரல் அசைய, இவள் நெஞ்சுக்குள் இயந்திர விரல் அசைந்தது. அவர் இடக்கை திரும்ப, உள்ளே ஊசி திரும்பியது. தைத்து முடித்ததும், நிறுத்தி வைத்திருந்த இதயம் துடித்தது. வலப்பக்கத்தில் வலுவாகத் துடித்தது! வால்வில் கசிவில்லை. கதவைத் திறந்து சொல்ல வந்தேன். ஊருக்குப் போகாமல் நாகையா கதவருகிலேயே நின்றிருந்தார். சொன்னதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவர் அடியோடு மாறிவிட்டார் என்று கதையளக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் இடக்கையால் பரிமாறினால் இன்றும் சண்டைக்கு வருவார். ஆனால் ஸ்ரீதேவி வீடு திரும்பும் நாளில், இந்தக் கோயிலின் பிரசாதத்தோடு வந்தார். கோவர்த்தனன் இம்முறை மறக்காமல், மிகுந்த மரியாதையோடு, வலக்கையை நீட்டினார். நாகையா கொடுக்கவில்லை.

"அது சும்மாதான சார் இருந்திச்சி? வேல செஞ்ச கையக் காட்டுங்க."

இடக்கையைப் பிடித்து இழுத்து, அதில் பிரசாதத்தை வைத்து, அந்தக் கையைத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். அமெரிக்காவெல்லாம் பார்த்து வந்த மனிதர், குழந்தையைப் போலத் தேம்பினார்.

தலைவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். இவ்வளவு நேரம் தூங்காமல் கேட்ட உங்களுக்கு என் நன்றி. துடிக்கும் உங்கள் இதயங்களுக்கு, எந்தப் பக்கம் இருந்தாலும், என் வணக்கம்.