ஜோதிமணி அம்மையாரின் அஞ்செட்டி வியாழக்கிழமை

மேடையில் இருக்கும் மருத்துவர் சங்கத் தலைவர் சமியுல்லா அவர்களே, உடன் பணியாற்றிய செவிலியர்களே, போச்சம்பள்ளியிலிருந்து ஷிப்ட் முடிந்த கையோடு கம்பெனி பஸ்ஸில் வந்திருக்கும் சகோதரிகளே, அஞ்செட்டி மலைக் கிராமங்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. அதனால் நான்கு குறிப்புகள் எழுதி வந்திருக்கிறேன்.

1. மறைந்த மருத்துவர் ஜோதிமணி அம்மையார் ஆற்றிய பணி.
2. அவர்மீது எனக்கிருந்த பொறாமை.
3. பெண்கள் அவரை நாடியதற்குக் காரணம், அவரும் பெண் என்பதே.
4. அஞ்செட்டி வியாழக்கிழமை முகாம் இனி என்னாகும்?

முதல் குறிப்பு. கரூரிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தவர் ஜோதிமணி அம்மையார். பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று நாங்கள் அறிக்கை எழுதினோம். ஆஸ்பத்திரி ஏன் பெண்களிடம் போகவில்லை என்று கேட்டவர் அவர். கேட்டதோடு நின்றாரா? போச்சம்பள்ளியில் ஷிப்ட் மாறும் நேரத்தில், கம்பெனி வாசலிலேயே கூடாரம் போட்டு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கினார். பஸ் கிளம்ப வேண்டும் என்று மேலாளர் தவித்தார்.

"லேட்டாகுது மேடம்."

"பஸ் லேட்டா போனா வீட்டுல திட்டுவாங்க, அவ்வளவுதானுங்க. இந்த நோயை லேட்டா கண்டுபிடிச்சா?"

பஸ் நின்றது! அன்றிலிருந்து மாதம் ஒருமுறை நிற்கிறது.

இரண்டாவது குறிப்பு. அதே ஆஸ்பத்திரியில் நான் அவருக்குப் பதினோரு ஆண்டு மூத்த டாக்டர். என் பதிவேடுகளில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இருக்காது. அவருடைய பதிவேட்டில் காபிக் கறை. ஆனால் மாம்பழக் காலத்தில் நாகரசம்பட்டிப் பெண்கள் பை பையாகக் கொண்டுவந்து யார் மேசையில் வைத்தார்கள்? "சார், ரெண்டு எடுத்துக்குங்க" என்று அவர் நீட்டுவார். சர்க்கரை நோய் என்று பொய் சொல்லி மறுத்திருக்கிறேன். இன்று இந்த மண்டபத்தில் நாற்காலி போதாமல் பலர் நிற்கிறீர்கள். எனக்கு இப்படி ஓர் இரங்கல் கூட்டம் நடந்தால் நான்கு வரிசை போதும் என்று, உள்ளே நுழையும்போதே எண்ணினேன். துக்க வீட்டிலும் இப்படித்தான் எண்ணுவேனா? எண்ணினேன். மன்னியுங்கள்.

மூன்றாவது குறிப்பு என் நீண்டகால ஆறுதல். அவர் பெண், அதனால் பெண்கள் அவரிடம் பேசினார்கள். நான் ஆண், என்னால் என்ன செய்திருக்க முடியும்? இதற்கு உதாரணமாக, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் பாப்பம்மாவைப் பற்றி அவருடைய அனுமதியோடு சொல்கிறேன்.

மாதவிடாய் நின்று ஐந்து வருடம் கழித்து அவருக்கு மறுபடியும் உதிரம் பட்டது. மலையிலிருந்து இறங்கி முதலில் வந்தது என்னிடம்தான். வரிசைப்படி பன்னிரண்டு கேள்விகளைத் திருத்தமான தமிழில் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். 'குறை எதுவும் சொல்லவில்லை' என்று அழகாக எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வியாழன்தோறும் தாம் நடத்திய அஞ்செட்டி முகாமில், ஜோதிமணி அம்மையார் பாப்பம்மாவிடம் அவருடைய பேச்சுமொழியான கன்னடத்தில் கேட்டார். கரூரிலிருந்து வந்த அம்மையாருக்கு எங்கே கன்னடம் தெரியும்? செவிலியர் ரூபாவிடம் கேட்டுத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்த கேள்விகளைத் தட்டுத் தடுமாறிப் படித்தார். சுற்றியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பாப்பம்மா சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டாகிறது.

அந்த முகாமுக்கு அடுத்த நாள் ஜோதிமணி அம்மையார் என் அறைக்கு வந்தார்.

"சார், முந்தாநாள் ஓசூர் சந்தையில அவரைக்காய்க்காரம்மாகிட்ட கன்னடத்துல பேரம் பேசினீங்களே, கேட்டனுங்க."

"ஆமாம்."

"அதுல பாதிய பாப்பம்மாகிட்டப் பேசியிருந்தா, ரெண்டு மாசம் வீணாகியிருக்காதுங்களே சார்?"

கன்னடம் என் வீட்டு மொழி. சென்னையில் படித்தபோது என் தமிழில் கன்னட வாடை வீசுகிறது என்று விடுதியில் சிரித்தார்கள். அந்த வாடையைத் துடைக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டேன். டாக்டர் நாற்காலியில் ஒருநாளும் கன்னடம் பேசியதில்லை. நான் எதற்கு அஞ்சி ஒளிந்தேனோ, அந்தச் சிரிப்பை அவர் தானே வரவழைத்து, அதைக்கொண்டே பெண்களைப் பேசவைத்தார். அதுதான், அன்பர்களே, நான் பொறாமைப்பட்டது.

நான்காவது குறிப்பு. வியாழன்தோறும் அஞ்செட்டிக்குப் போக டாக்டர் பிரியா தயாராக இருக்கிறார். மதுரைக்காரர். கன்னடம் தெரிந்த டாக்டர் கிடைக்கும்வரை முகாமை நிறுத்திவைக்கலாம் என்று நேற்றைய கூட்டத்தில் பேசினார்கள். நானும் இருந்தேன். டீ குடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். முகாமும் போய்விட்டால் இனி யாரும் என்னை அவரோடு ஒப்பிட மாட்டார்கள் என்று மனம் சொன்னது. இறந்தவரையும் என் பொறாமை விடவில்லை.

சற்று முன் வாசலில் பாப்பம்மா, "வியாழக்கிழமை இனி கிடையாதா, டாக்டரே?" என்று கன்னடத்தில் கேட்டார். "ஆவன செய்யப்படும்" என்று தமிழில் பதில் சொன்னேன். அந்தப் பதிலைத் திரும்பப் பெறுகிறேன்.

பாப்பம்மா, குருவார நானு பர்த்தினி. வியாழக்கிழமை நான் வருகிறேன். பதிவு மேசையில் உட்கார்ந்து உங்கள் பேச்சில் கேட்பேன், டாக்டர் பிரியா பரிசோதிப்பார். ஜோதிமணி அம்மையாரின் முகாம் ஒரு வாரமும் நிற்காது.

குறிப்புத்தாளில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அவர் தெரியாத மொழியில் கேட்டார். நான் தெரிந்த மொழியில் கேட்கவில்லை. ஆண் என்பதால் அல்ல. மூன்றாவது குறிப்பு தவறு.